அஞ்சாம் நம்பர் மஞ்சள்

ஜூலை 2, புதன்

கச்சான் காத்து. கோலம் போட்டா மாவு பாம்பனுக்குப் போயிரும் போல. தண்ணி தெளிச்சதோட சரி.

இன்னைக்குச் செய்ய: கேஸ் பதியணும். எடை மெஷினுக்கு பேட்டரி. கொத்தமல்லி. அவுக சட்டைக்குப் பட்டன். புதுக் கார்டு நாப்பது பிரிண்ட் போட்டு லேமினேஷன்.

பேட்டரி வாங்கியாச்சு. மத்தது எதுவும் நடக்கல.

இந்த டைரி, இஞ்சின் சாமான் விக்கிற கடையில என் வீட்டுக்காரருக்குக் குடுத்தது. மண்டபத்துல போட் இஞ்சின் மெக்கானிக்குன்னா வருசத்துக்கு நாலு டைரி வரும், எழுதத்தான் ஆள் கிடையாது. ஆபீஸ் ரிப்போர்ட்ல எழுத முடியாததை இதுல எழுதலாம்னு எடுத்துக்கிட்டேன். பக்கத்துக்குப் பக்கம் ஒரு டீசல் இஞ்சின் படம்.

நேத்து, நான் வேலை பாக்குற புதுமடத்துல மாசமா இருக்கிற பொம்பளைகளுக்குக் கூட்டம். பேச்சு எனக்கே பிடிச்சிருந்துச்சு, அடுத்த கூட்டத்துக்கு ஆகும்னு எழுதி வைக்கிறேன். சொன்னது இம்புட்டுத்தான்: ஈரல்ல ஊறுற பித்தம் ஒரு குழாய் வழியா குடலுக்கு வருது. அதுனாலதான் பிள்ளை ஆய் போனா மஞ்சளா இருக்கு. சில பிள்ளைகளுக்கு அந்தக் குழாய் அடைஞ்சு போயிருக்கும். அப்ப ஆய் வெளுத்துப் போகும், பித்தம் உள்ளயே தேங்கி ஈரலைக் கெடுக்கும். ரெண்டு மாசத்துக்குள்ள கண்டுபிடிச்சு ஆபரேஷன் பண்ணுனா பிழைச்சுக்கிற வாய்ப்பு நல்லா இருக்கு. விட்டுட்டா வேற ஈரல் வைக்கிற அளவுக்குப் போயிரும். நாம பிள்ளை மஞ்சளா இருக்குன்னு வெயில் காட்டிக்கிட்டே அந்த ரெண்டு மாசத்தையும் தொலைச்சிருவோம். அதான் இந்தக் கார்டு.

கார்டுல ஏழு கட்டம், ஏழு கலர். முதல் மூணும் வெளுப்பு, அது ஆபத்து. நாலுல இருந்து ஏழு வரைக்கும் மஞ்சளும் பச்சையும், அது நல்லது. தாய்மாரே பாத்துக் கண்டுபிடிக்க முடியுமாங்கிறதுதான் எங்க ஆராய்ச்சி.

எங்கம்மா கமுதியில எல்லார்கிட்டயும் ‘எம்மக ஈரல் ஆராய்ச்சியில இருக்கா’ன்னு சொல்லிக்கிட்டுத் திரியுது. புதுமடத்துச் சின்னப் பிள்ளைக ‘ஆய் கார்டு அக்கா’ன்னு கூப்பிடுதுக. ரெண்டும் சரிதான்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பருப்பு வச்சேன். அவுக தொடல. ஆறாம் நம்பர் கட்டம் அச்சு அசல் பருப்புக் கலர். அதைப் பாத்த நாள்ல இருந்து பருப்பு சாப்பிடுறதில்ல. ‘நீ வேலைய வீட்டுக்குக் கொண்டாந்து என் வாயிலயே மண்ணப் போட்டுட்ட’ன்னு புலம்பல். எனக்காக நான் வச்சுக்கிறேன், பிடிவாதமா.

ஜூலை 4, வெள்ளி

போன் நாள். ஜும்ஆ நேரத்துக்குத்தான் புதுமடத்துக்குப் போன் போடுவேன். ஆம்பளைக எல்லாம் பள்ளிவாசலுக்குப் போயிருப்பாக, பொம்பளைக கூச்சமில்லாம வாய்விட்டுப் பேசுவாக. இது யாரும் சொல்லித் தரல, நானாக் கண்டுபிடிச்சது. கொஞ்சம் பெருமை.

எல்லா வீட்லயும் அஞ்சு, ஆறு, அஞ்சு, அஞ்சு. ஒரு வீட்ல ‘அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல, அஞ்சரைன்னு போட்டுக்கங்க’ன்னாக.

ஸாஜிதா கடைசியா. தலைப்பிள்ளை, பொம்பளைப் பிள்ளை, பேரு ஹனா. பிரசவத்துக்கு அவ உம்மா வீட்டுக்கு வந்தது, பிள்ளை பெத்தவ வெளிய போகாத நாப்பது நாள் இன்னும் கழியல. அவ வீட்டுக்காரருக்குச் சவுதியில, தம்மாம்ல வேலை.

“அஞ்சுதான்க்கா. அல்ஹம்துலில்லாஹ் நல்லா இருக்கா. பால் குடிக்கிறா, தூங்குறா.”

பின்னாடி அவ உம்மா குரல்: “இந்த நர்ஸம்மாவுக்கு வேற பேச்சே கிடையாதாடி?”

திங்கக்கிழமை எடை பாக்க வாரேன்னு சொல்லியிருக்கேன்.

மதியம் ஜெயராணி வந்தா. பாம்பன்ல எனக்கு இருக்கிற அதே வேலை அவளுக்கு. அந்த ஊர்த் தாய்மார் மேல ஒரே கோபம். “நீ கார்டு குடுத்தா கொடியில தொங்கவிட்டு ஒழுங்காப் பாக்குறாளுக. எங்காளுக வாங்குன கையோட பீரோவுல வச்சுப் பூட்டிட்டாளுக மலரு. பட்டுச்சேலைக்கு அடியில இருக்கு. நேத்து ஒருத்திய நல்லா ஏசிட்டு வந்தேன்.”

அவ சொல்றது நிசம். புதுமடத்துல கொல்லையில துணி அலசுற இடத்துலயே, கொடிக்கயிறுல கிளிப் போட்டுத் தொங்கவிடுறாக. அலசுற கைக்கு நேரா கார்டு. முதல் கூட்டத்துல அவுகளே சொன்ன யோசனை. மதுரையில இருக்கிற எங்க டாக்டர் மேடம் (இனி டா.மே., கை வலிக்குது) அதைக் கேட்டுட்டு அம்புட்டுப் பாராட்டுனாக. போன வாரம்கூட ‘உங்க ஊர் கணக்குதான் மலர் அழகா வருது’ன்னாக.

சாயங்காலம் கணவா மீன் கிடைச்சுச்சு. மிளகு போட்டு வதக்குனேன். அவுக மூஞ்சியில சிரிப்பு வந்துச்சு.

ஜூலை 7, திங்கள்

நடந்ததை வரிசையா எழுதுனாத்தான் தெளியும்.

பத்து மணி இருக்கும், ஸாஜிதா வீடு. வெயிலுக்கு மண்டை பொளந்துச்சு. கொல்லை வழியாத்தான் போனேன். கொடியில பிள்ளைத் துணி, வெள்ளை வேட்டிய கிழிச்சது, வரிசையா. எல்லாத்துலயும் மஞ்சக் கறை. ஆய்க் கறை இல்ல. மூத்திரம் பரவுன மாதிரி வட்ட வட்டமா.

சின்னப் பிள்ளை மூத்திரம் துணியில கறை பிடிக்காது. பிடிக்கவே கூடாது. பித்தம் வழி இல்லாம ரத்தத்துல ஏறி மூத்திரத்துல வந்தாத்தான் பிடிக்கும். 

உள்ள போனா பிள்ளை கொழுகொழுன்னு இருக்கு, சிரிக்குது. எடை நல்லா ஏறியிருக்கு. கண்ணை விலக்கிப் பாத்தேன், வெள்ளை முழி மஞ்சள். “குறைஞ்சுக்கிட்டு வருது நர்ஸம்மா, தெனமும் வெயில் காட்டுறோம்”னாக ஸாஜிதா உம்மா.

ஆய் போன துணி இருக்கான்னு கேட்டேன். காலையில போனதை வாளியில போட்டிருந்தாக, அலசல. விரிச்சேன். சுண்ணாம்பைக் குழைச்ச மாதிரி.

“ஸாஜிதா, இது அஞ்சாம்மா?”

அவ பயந்துட்டா. அவ உம்மாவுக்குக் கோபம். கொடியில இருந்து கார்டைப் பிடுங்கிட்டு வந்து துணி மேலயே வச்சுக் காட்டுனாக. “இங்கன பாருங்க. இதுதானே அஞ்சு? நாங்க என்ன பொய்யா சொல்றோம்?”

பாத்தேன். பொய் இல்ல. அஞ்சாம் கட்டமும் அந்த ஆயும் ஒரே கலர்.

கார்டை வாங்கி வெளிச்சத்துல பிடிச்சேன். அப்புறம் என் பையில இருந்த கார்டை எடுத்துப் பக்கத்துல வச்சேன். என் கார்டுல அஞ்சு முட்டை மஞ்சக்கரு மாதிரி இருக்கு. அவுக கார்டுல அஞ்சு செத்துப் போயிருக்கு. ஆறு, ஏழு எல்லாமே வெளுத்திருக்கு. மாசமா இருக்கும்போதே குடுத்த கார்டு, மூணு மாசமாக் கொடியில தொங்கி, வெயிலும் உப்புக்காத்தும் மஞ்சளைத் தின்னுட்டுப் போயிருக்கு. நம்பர் மட்டும் கறுப்பா பளிச்சுன்னு நிக்குது.

என் கார்டுப்படி அது ரெண்டாம் நம்பர்.

மதுரைக்குப் போகணும்னு சொன்னேன். எதுக்குன்னும் சொன்னேன், மறைக்கல. ஸாஜிதா அழுதுட்டா. அவ உம்மா, “பச்ச உடம்பு. நாப்பது கழியட்டும், அதுக்கப்புறம் பாத்துக்கலாம். பிள்ளை கொழுகொழுன்னுதானே இருக்கு”ன்னுட்டாக. இந்த வியாதியில முதல்ல எல்லாப் பிள்ளையும் கொழுகொழுன்னுதான் இருக்கும்னு நான் சொன்னது அவுக காதுல விழல. இல்ல, விழுந்திருக்கும்.

டா.மே.க்குப் போன் போட்டேன். கார்டு வெளுத்ததைச் சொன்னேன். “கார்டை அப்புறம் பாப்போம். பிள்ளையக் கொண்டு வா”ன்னாக.

பஸ்ஸ்டாண்டு டீயைத் தவிர இன்னைக்கு ஒண்ணும் சாப்பிடல.

ஜூலை 8, செவ்வாய்

விடியவே புதுமடம் போயிட்டேன். ஜெயராணியையும் வரச் சொன்னேன், பாம்பன்ல பீரோவுல பூட்டி வச்சிருந்த கார்டு ஒண்ணை வாங்கிட்டு வான்னு. பட்டுச்சேலை வாசத்தோட கொண்டாந்தா. அதுவும் ஸாஜிதா வீட்டுக் கார்டும் ஒரே நாள்ல அடிச்சது.

ஸாஜிதா உம்மா கதவைத் திறந்தாக, வான்னு சொல்லல. கண்ணு வீங்கியிருந்துச்சு.  புதுத் துணி ஒண்ணை விரிச்சுக் காலையில போனதைக் காட்டுனாக. அவுகளே எடுத்து வச்சிருக்காக.

ஜெயராணி கார்டையும் அவுக கார்டையும் கையில குடுத்தேன். ரெண்டையும் வாங்கிக்கிட்டுத் துணியோட கொல்லைக்குப் போனாக. சூரியன் அப்பத்தான் ஏறுது. வெளிச்சத்துல இதை வச்சு, அதை வச்சு, திருப்பி வச்சுப் பாத்தாக. எங்க மூணு பேரையும் கூப்பிடல. நாங்க வாசப்படியில நின்னுக்கிட்டு இருந்தோம், ஸாஜிதா பிள்ளையோட.

அப்புறம் எங்களைத் தாண்டி உள்ள போயிட்டாக. கோவிச்சுக்கிட்டாகன்னு நினைச்சேன். ஜெயராணி என் இடுப்பைக் கிள்ளி, “போச்சு, விளக்குமாத்தோட வரப்போகுது”ன்னா.

புர்கா போட்டு, கையில பிளாஸ்க்கோட வந்தாக.

“நாப்பதை மதுரையில கழிச்சுக்கிறோம். கார் சொல்லுங்க நர்ஸம்மா.”

தம்மாம்ல இருந்து மருமகன் வீடியோவுல. ஷிப்ட்ல இருந்து ஓடி வந்திருக்கார், தலையில இன்னும் வேலைக்குப் போடுற மஞ்சத் தொப்பி. பிள்ளையக் காட்டச் சொன்னார். ஒரு நிமிசம் பாத்தார். “அக்கா, நீங்க கூடப் போறீங்கள்ல?”ன்னார். போறேன்னேன். “அப்பச் சரி”ன்னார்.

கார் என் வீட்டுக்காரரோட கூட்டாளியோடது. அவுகளே கிரீஸ் கையோட வந்து நின்னு ஏத்திவிட்டாக. பின் சீட்டைத் துடைச்சு ஒரு போர்வையும் போட்டிருந்தாக. இதெல்லாம் எப்பக் கத்துக்கிட்டாகளோ.

ராமநாதபுரத்துல ரத்தம் எடுத்தோம். சாயங்காலம் ரிசல்ட். மஞ்சக்காமாலையில ரெண்டு வகை இருக்கு, வெயில் காட்டுனாப் போறது ஒண்ணு, எம்புட்டுக் காட்டுனாலும் போகாதது ஒண்ணு. இது ரெண்டாவது. ராத்திரி அங்கனயே எங்க சித்தப்பா வீட்ல தங்கல். சித்தி ஒண்ணும் கேக்காம இட்லிக்கு ஊத்துச்சு. ஸாஜிதாவுக்கு மட்டும் பூண்டுக் குழம்பு, பிள்ளை பெத்தவன்னு.

ஜூலை 9, புதன்

மதுரை. ஸ்கேன்.

பித்தப்பை தெரியணும்னா பிள்ளை நாலு மணி நேரம் பால் குடிக்காம இருக்கணும். பெரியவுகளுக்கு வெறும் வயித்தோட வாங்கன்னு ஈசியாச் சொல்லிட்டுப் போயிருவேன். ஒரு மாசப் பிள்ளைய வெறும் வயித்தோட வச்சுப் பாத்தாத்தான் தெரியுது.

பரமக்குடி தாண்டுனதும் அழ ஆரம்பிச்சா. ஸாஜிதாவுக்குப் பால் கட்டிக்கிச்சு, புர்கா நனைஞ்சு போச்சு, அவளும் அழறா. தாய் வாசம் பட்டா இன்னும் அழுவான்னு பிள்ளைய நான் வாங்கிக்கிட்டேன். ஸாஜிதா உம்மா முணுமுணுன்னு ஓதிக்கிட்டே வந்தாக. டிரைவர் தம்பி பாட்டை நிறுத்திட்டார். நான் எனக்குத் தெரிஞ்ச ஒரே தாலாட்டைப் பாடுனேன், அது பாதிக்கு மேல வராது, அந்தப் பாதியவே திருப்பித் திருப்பி. திருப்புவனம் பக்கம் அழுது அழுது தூங்கிட்டா. தாவாங்கட்டை மட்டும் விக்கிக்கிட்டு இருந்துச்சு.

ஸ்கேன் ரூம்ல டா.மே. பக்கத்துல நின்னாக. திரையில பேரிக்காய் மாதிரி தெரிய வேண்டிய பித்தப்பை, நூல் மாதிரி ஒரு கோடு. “குழாய் அடைப்பாத்தான் இருக்கும்”னாக டா.மே. அம்புட்டுத்தான்.

வெளிய வந்து ஸாஜிதா பால் குடுத்தா. அந்தச் சத்தம், மடக்கு மடக்குன்னு. மனசுக்கு அது போதும்போல இருந்துச்சு.

சர்ஜன் கிட்ட உக்காந்து பேசினோம். அடைஞ்ச குழாயை எடுத்துட்டு, குடல்ல ஒரு துண்டை ஈரலோட நேராத் தைக்கிறது. வேலை செய்யும்னு கையெழுத்துப் போட்டுத் தர முடியாது, ஆனா ரெண்டு மாசம் முடியுறதுக்குள்ள வந்துட்டீங்க, அது பெரிய விசயம்னார். “எப்படித் தெரியும் வேலை செஞ்சதுன்னு?”ன்னு கேட்டாக ஸாஜிதா உம்மா.

“ஆய் மஞ்சளா வரும்மா”ன்னார்.

“அப்ப அந்தக் கார்டைக் குடுங்க.” என்னைப் பாத்துக் கையை நீட்டுனாக. புதுக் கார்டு குடுத்தேன். பர்ஸுக்குள்ள வச்சு ஜிப் போட்டாக.

ஜூலை 10, வியாழன்

வீடு. ஹனாவை மதுரை ஆஸ்பத்திரியில சேத்துட்டு ராத்திரி வந்தது, காலையில ஒன்பது வரைக்கும் தூங்கினேன், அவுக எழுப்பல. டீ போட்டு ஆறவச்சு மூடி வச்சிருந்தாக.

டா.மே. மீட்டிங், போன்ல. பயத்தோடதான் உக்காந்தேன். மூணு மாசமா நான் அனுப்புன அஞ்சும் ஆறும் ஒண்ணுக்கும் ஆகாது. அழகான கணக்கு. திட்டு விழும்னு நினைச்சேன்.

திட்டல. “கார்டைத் தைவான்லயும் ஜப்பான்லயும் வீட்டுக்குள்ள வச்சுப் பாக்குறாங்க மலர். கொடியில தொங்கவிட்டா என்ன ஆகும்னு யாரும் பாத்ததில்ல. நாம பாத்துட்டோம். இதையும் எழுதுவோம்”னாக. வெளுத்த கார்டு ஒண்ணையும் தூக்கிப் போட வேணாம், எந்தத் திசை வெயில், எம்புட்டு நாள் தொங்குச்சுன்னு பின்னாடி குறிச்சு அனுப்புன்னாக.

மனசு லேசாச்சு. ஆனா ஒரு கேள்வி மட்டும் குடையுது. கார்டு கொடியில தொங்குற மத்த வீட்டுப் பிள்ளைக?

ஜூலை 12, சனி

வியாழக்கிழமையே புதுக் கார்டு அடிச்சு லேமினேஷன் போட்டாச்சு. நேத்தும் இன்னைக்கும் வீடு வீடா. நானும் ஜெயராணியும். பழைய கார்டைப் பிடுங்கு, புதுக் கார்டு குடு, ஆய்த் துணியக் கொண்டா.

ஊரே சிரிக்குது. ஒரு பிள்ளையோட வாப்பா திண்டாடிப் போய், “என்னம்மா, இதுக்குப் போலீஸ் மாதிரி வாரீக?”ன்னார். ஒரு வீட்ல பிள்ளை இன்னும் போகலன்னு உக்கார வச்சு, காத்திருக்கிற நேரத்துக்கு முட்டையும் தேங்காய்ப்பாலும் சேத்து அவிச்ச வட்டலாப்பம் குடுத்தாக. வட்டலாப்பம் அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுலன்னா ஜெயராணி. நாக்கை வெட்டிப் போடணும் அவளுக்கு. அப்பயும் ரெண்டாவது கிண்ணம் வாங்குனா.

சாயங்காலம் முடிச்சோம். எல்லாப் பிள்ளையும் நல்ல மஞ்சள். ஒண்ணுகூட விடல, பாத்துட்டோம். பஸ்ஸ்டாப் பெஞ்சுல ரெண்டு பேரும் காலை நீட்டி உக்காந்தோம், அம்புட்டு நிம்மதி.

அப்புறம் அவ ஆரம்பிச்சா. “அப்ப பீரோவுல வச்சுப் பூட்டுனவளுக புத்திசாலி. நான் ஏசுனதுக்கு இப்ப மன்னிப்பா கேக்கணும்?”

“கேளு.”

“மாட்டேன். பூட்டு சாவி எங்கன்னே அவளுக்கு மறந்து போச்சு, ஆய் பாக்குறது எங்கிட்டு.”

ரெண்டும் சேத்து ஒரு முடிவுக்கு வந்தோம். கார்டு அலமாரிக் கதவுக்கு உள்பக்கம், பூட்டாம. மாசாமாசம் நாங்க மாத்திக் குடுக்கணும். துணிய வெளிச்சத்துக்குக் கொண்டாந்து கார்டையும் அந்நேரம் மட்டும் கொண்டாரணும். டா.மே.க்கு அனுப்பியாச்சு. சரின்னு வந்துச்சு, கூடவே ஒரு பூ.

கேஸ் இன்னும் பதியல.

ஜூலை 14, திங்கள்

ஆபரேஷன். காலையில உள்ள கொண்டு போனாக. நான் மண்டபத்துல, புதுமடத்து வேலை விட்டுப் போக முடியல. போகாததும் நல்லதுதான், அங்க போய் எல்லாரையும் பதட்டப்படுத்தியிருப்பேன்.

செஞ்சது: மெத்தை உறை தோச்சேன். அரிசி புடைச்சேன். சட்டைக்குப் பட்டன் தச்சேன், அதுவும் தப்பான சட்டைக்கு.

மதியம் ஸாஜிதா வாய்ஸ் அனுப்புனா, பின்னாடி ஆஸ்பத்திரி மைக். “உள்ளதான்க்கா இருக்கா.” அம்புட்டுத்தான். திருப்பித் திருப்பிக் கேட்டேன், வேற ஒண்ணும் அதுல இல்ல.

அவுக வேலைக்குப் போகல. இஞ்சின் ஸ்பேர் வரலன்னு சொன்னாக. ஸ்பேர் நேத்தே வந்துருச்சு, நான் கேக்கல. சாயங்காலம் அசர் பாங்கு சொன்னப்ப, “முடிஞ்சிருக்குமா புள்ள?”ன்னாக.

விளக்கு வைக்கிற நேரம் டா.மே. போன். முடிஞ்சது. குழாய் முழுசும் அடைஞ்சிருந்துச்சு. ஈரல் இன்னும் மெத்துன்னுதான் இருக்காம். கல்லா ஆகல. “அதுதான் மலர், நேரத்துக்கு வந்ததுக்குப் பலன்.”

உக்காந்து அழுதுட்டேன். நல்ல அழுகை. அவுக தண்ணி கொண்டாந்து குடுத்துட்டு எதுக்கால நின்னுக்கிட்டே இருந்தாக.

ஜூலை 17, வியாழன்

காத்து விட்டிருக்கு. கடல் தட்டுல ஊத்துன எண்ணெய் மாதிரி. நாட்டுப்படகு எல்லாம் போயிருக்கு.

ஹனாவுக்கு இன்னும் பால் குடுக்கல, டிரிப்ஸ்தான். நேத்து கொஞ்சம் ஆய் போயிருக்கா. வெள்ளை. ஸாஜிதா சொல்லும்போது குரல் உடைஞ்சு போச்சு. பழைய மிச்சம் அது, பால் குடுக்க ஆரம்பிச்சாத்தான் தெரியும்னு சொன்னேன். டா.மே. சொன்னதைத்தான் சொன்னேன். ஆனா சில பிள்ளைகளுக்கு மஞ்சள் வராமலே போகும். சர்ஜன் சொன்னது அவளுக்கும் தெரியும், நான் அந்தப் பேச்சை எடுக்கல.

அவ உம்மா வார்டுல ஊர்க்கூட்டம் நடத்துறாகளாம். பக்கத்துக் கட்டில் பொம்பளைகளுக்கு எல்லாம் கார்டைக் காட்டி, “வெயில்ல மட்டும் வச்சிராதீக”ன்னு பாடம். ஒரு டாக்டர் தம்பியவே நிறுத்தி, ஜன்னல் ஓரம் வெளிச்சத்துல பாக்கச் சொல்லி அனுப்பியிருக்காக.

எங்க ஆபீஸ் விதி ஒண்ணு: போட்டோ அனுப்பக்கூடாது. ஒவ்வொரு போன்லயும் ஒரு கலர் காட்டும். ஸாஜிதாகிட்ட அதைச் சொன்னேன், எப்ப வந்தாலும் நம்பரைச் சொல்லும்மா, போதும்னு. “சரிக்கா”ன்னா. அப்புறம், “நம்பர் சொல்லித்தானேக்கா ஏமாந்தோம்”னா. 

அவுக சாப்பிட உக்காரும்போதே, “என்ன சேதி?”ன்னாக. சாப்பாட்டு நேரத்துல இந்தப் பேச்சே கூடாதுன்னு சட்டம் போட்டவுக. “இன்னும் வெள்ளைதான்”னேன். தட்டைப் பாத்துக்கிட்டே சாப்பிட்டாக.

ஜூலை 20, ஞாயிறு

கேஸ் தீந்துருச்சு. பதியாம விட்டதுக்கு இது. பக்கத்து வீட்டு சிலிண்டர்ல சமையல். அவுகளுக்குப் பாறை மீன் குழம்பு, எனக்குப் பருப்பு. அப்பளம் ரெண்டு பேருக்கும்.

அவுக சாப்பிட உக்காந்துட்டாக, கையில சோறு. என் போன் சத்தம் போட்டுச்சு. சாப்பாட்டு நேரத்துல போனும் கூடாது, அதுவும் சட்டம். கவுத்து வச்சேன். திருப்பியும் சத்தம். எடுத்துப் பாத்துட்டேன்.

ஸாஜிதா. போட்டோ.

வெள்ளைத் துணி, ஜன்னல் வெளிச்சம். துணிக்குப் பக்கத்துலயே புதுக் கார்டு, ஒட்டி வச்சு எடுத்திருக்கா. எந்தப் போன் எந்தக் கலர் காட்டுனாலும் ரெண்டும் சேந்துதானே மாறும். எங்க ஆபீஸ்ல யாருக்கும் தோணாதது. கார்டு மேல அவ உம்மாவோட கட்டைவிரல், மருதாணி மங்குன நகம், ஒரு கட்டத்தைத் தொட்டுக்கிட்டு.

என் மூஞ்சி எப்படி இருந்துச்சோ. “என்ன?”ன்னாக.

“ஒண்ணுமில்ல. சாப்பிட்டு முடிங்க, காட்டுறேன்.”

இடது கையை நீட்டுனாக. குடுத்தேன். கண்ணுக்குக் கிட்டக் கொண்டு போயி, தள்ளிப் பிடிச்சு, அந்தத் துணியவும் கட்டைவிரலையும் ரொம்ப நேரம் பாத்தாக. வலது கையில சோறு உருண்டை அப்படியே இருக்கு.

“ஆறா?”

“ஆறு.”

போனைத் துடைச்சுக் கீழ வச்சாக. தட்டை என் பக்கம் நகட்டுனாக.

“பருப்பு ஊத்து.”